நிமிடத்துக்கு நாலு ‘சார்’

அன்றைய இன்டர்வியூவில் இருந்தவர்கள் மூன்று பேர். தி. நகர் மேன்ஷனின் மூன்றாம் மாடி அறையில், கட்டில் நுனியில் நான். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் ‘ஹெச்.ஆர்.’ கதவில் சாய்ந்தபடி மேன்ஷன் மேனேஜர் தாஸ். வராதவர்கள், வேலை கொடுக்கிற கம்பெனிக்காரர்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை.

சென்னையில் ‘ஹெச்.ஆர்.’ அளவுக்கு ஆட்களை வேலைக்கு வேண்டாம் என்று சொன்ன மனிதர் இன்னொருவர் இருக்க முடியாது. இத்தனைக்கும் அவர் எந்தக் கம்பெனியிலும் ஹெச்.ஆர். இல்லை. அடுத்த தெரு ஜவுளிக்கடையில், பட்டுப்புடவைப் பிரிவில் பில் போடுகிறவர். படித்தது பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயன்ஸ். மேன்ஷனில் எவன் இன்டர்வியூவுக்குப் போனாலும் முதலில் அவரிடம் ஒரு ஒத்திகை இன்டர்வியூ கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அவர் எல்லோரையும் நிராகரிப்பார். ஒருமுறை சிலிண்டர் போட வந்தவரையே மடக்கினார்.

“அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?”

“ரெண்டாவது மாடியில இன்னொரு சிலிண்டர் போடணும் சார். அஞ்சு நிமிசத்துல அங்க இருப்பேன்.”

“தொலைநோக்கு பத்தாது” என்று எழுதிக்கொண்டார்.

சாஃப்ட்வேர் இன்ஜினியராக ஆவதற்கு அவரிடம் பதினைந்தாண்டுத் திட்டம் ஒன்று இருந்தது. புடவைப் பெட்டி அட்டைகளைப் பிரித்து ஒட்டி, கட்டம் போட்டு, சுவரில் மாட்டியிருந்தார். மூன்றாம் ஆண்டு சீனியர். ஏழாம் ஆண்டு டீம் லீட். பதினோராம் ஆண்டு குளிர்ப் பிரதேசம் ஒன்றில் ஆன்சைட். பதினைந்தாம் ஆண்டுக் கட்டத்தில் ‘மனநிறைவு’ என்று ஒரே ஒரு வார்த்தை. அதற்கு எதிரே அக்டோபர் என்று மாதமும் குறித்திருந்தார். முதலாம் ஆண்டுதான் இன்னும் தொடங்கவில்லை. அதற்கு அவர் நான்கு வருடமாகத் தயாராகிக்கொண்டிருந்தார்.

நான் திண்டிவனம் பக்கம். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். இரண்டு கம்பெனிகளில் ஏற்கெனவே தோற்றிருந்தேன். அடையாறில் மூன்றாவதாக ஒரு கம்பெனி கூப்பிட்டிருந்தது. தை பிறப்பதற்குள் வேலை கிடைக்காவிட்டால் ஊருக்கு வந்து மாமாவின் உரக்கடையில் உட்கார வேண்டும் என்பது வீட்டில் பேசி முடித்த ஏற்பாடு. தைக்கு மூன்று வாரம் இருந்தது.

அன்று ‘ஹெச்.ஆர்.’ கையில் ஒரு சின்ன இரும்புக் கருவி இருந்தது. தீபாவளிக் கூட்டத்தில் கடை வாசலில் நின்று, உள்ளே வருகிறவர்களைத் தலைக்கு ஒரு அமுக்கு என்று எண்ணுவார்களே, அது. நான் பேசப் பேச அது ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நிமிடம் கழித்து அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நாற்பத்தேழு.

“என்ன சார் இது?”

டிக். “நாப்பத்தெட்டு. இதான்யா ஒன் வியாதி. நிமிஷத்துக்கு நாலு சார். போன்ல வந்த விளம்பரப் பொம்பளக் குரலுக்குக்கூட ‘வேணாம் சார்’ங்கிற.”

“மரியாத சார்…”

டிக். “ஐ.டி.யில சார் கெடையாது. எம்.டி.யா இருந்தாலும் பேர் சொல்லித்தான் கூப்பிடணும். சார் போடுறவன் கடேசி வரைக்கும் டிரெய்னிதான். இன்னையிலேருந்து ஒரு வாரத்துக்கு, யாரப் பாத்தாலும் பேரு. வெறும் பேரு.”

“தாராளமா கூப்பிடு நைனா” என்றார் தாஸ், பெருந்தன்மையாக.

மறுநாள் காலை, “தாஸ், தண்ணி வரல” என்றேன். தாஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்னா நைனா, நீதான் எனக்குப் பேரு வச்சியா?” என்றார். அதற்குப் பிறகு தண்ணீர் வரவே இல்லை.

இதை ‘ஹெச்.ஆர்.’ முன்னேற்றம் என்றார். அடுத்து என்னை மெஸ்ஸுக்கு அனுப்பினார். மெஸ் நடத்துபவர் கோவில்பட்டிக்காரர். தெருவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த லைசென்ஸில் பெயரைத் தேடிப் படித்துக்கொண்டு, “முருகேசன், ரெண்டு இட்லி” என்றேன்.

மெஸ்ஸில் சாம்பார் வாளி வைக்கும் சத்தம்கூட நின்றுபோனது.

“ஏலே” என்றார் அண்ணாச்சி மெதுவாக. “எங்க ஐயா போனதுக்கப்புறம் என்னையப் பேரு சொல்லிக் கூப்பிடுதது ரேஷன் கட மட்டுந்தாம்லே. நீ யாரு, ரேஷன் கடையா? எந்திரி.”

அன்று முதல் பன்னும் டீயும்தான். ‘ஹெச்.ஆர்.’ மனம் தளரவில்லை. இன்டர்வியூவுக்கு இரண்டு நாள் முன்பு இறுதித் தேர்வு வைத்தார். “கடேசியா யாருக்குப் பேசினியோ, அந்த நம்பரப் போடு. ஸ்பீக்கர்ல வை. யாரா இருந்தாலும் இங்கிலீஷ்காரன் மாதிரி பேரு சொல்லி ஆரம்பிக்கணும்.” எண்ணும் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

கடைசியாக யாருக்குப் பேசினேன் என்று யோசிப்பதற்குள் விரல் அழுத்திவிட்டது. அந்தப் பக்கம், “அலோ” என்றது. ஒரு வாரப் பழக்கம் வாயில் முந்திக்கொண்டது.

“ஹாய் ஏழுமலை! குட் மார்னிங்!”

ஆலை இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அப்பா பேசினார்.

“சொல்லுங்க சார். ஏழுமலதான் சார் பேசறேன். எந்த ஆபீஸ்லேர்ந்து சார்? எனக்குப் படிக்கத் தெரியாது சார். எம் பையன் மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் வேலைக்குப் பாத்துனு இருக்கான் சார். எதுவா இருந்தாலும் அவன் வந்து உங்ககிட்ட பேசுவான் சார்.”

ஆறு. நான்தான் எண்ணினேன். ‘ஹெச்.ஆர்.’ கட்டைவிரல் கருவியின் மேலேயே இருந்தது, ஒருமுறைகூட அமுங்கவில்லை.

“அப்பா, நான்தாம்பா.”

“அடச் சீ, நீயா! நா எவனோ பெரிய ஆபீசர்னு நடுங்கிட்டேன்டா.” சிரித்தார். “அப்பிடியே ஆபீசர் கொரலு. இரு, சாயங்காலம் வூட்டுக்குப் போனதும் போடறேன். இன்னொரு தபா அதே மாரி கூப்புடு, ஒங்கம்மா கேக்கட்டும்.”

போனை வைத்தேன். எதையும் பாராட்டாமல், எதையும் நிராகரிக்காமல் ‘ஹெச்.ஆர்.’ உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். “நீ சார்னே சொல்லு. அது ஒன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மெஸ்ஸிலிருந்தே ஆள் வந்து கூப்பிட்டான். அண்ணாச்சி புது வேட்டியில் இருந்தார். “பரீச்சைக்குப் போற பய வயிறு காயப்பிடாதுல்லா. உக்காருலே” என்றார். இரண்டு இட்லி கேட்டேன், ஆறு வைத்தார்.

அடையாறு கம்பெனியில் என்னைக் கேள்வி கேட்டவர் டீ ஷர்ட்டும் ரப்பர் செருப்புமாக இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூடுதல் இருக்கலாம். “சார்லாம் வேணாம், பேர் சொல்லியே கூப்பிடுங்க” என்றார். “சரிங்க சார்” என்றேன். சிரித்துவிட்டு, போர்டில் ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார். எழுதினேன். வேலை கிடைத்தது.

‘ஹெச்.ஆர்.’ ஆஃபர் லெட்டரை இரண்டு முறை படித்தார். “அவங்க ஸ்டாண்டர்டு எறங்கிப்போச்சு. எங்கிட்ட நீ இன்னும் பாஸாகல” என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

அவர் படியிறங்கும் வரை காத்திருந்த தாஸ் என்னிடம் வந்தார். “மெய்யாலுமே ஒனக்குத் தெரியாதா நைனா? அண்ணாச்சிக்கு வேட்டி, எனக்கு ஒரு கிலோ மைசூர்பா, எல்லாம் அவுரு துட்டு. தன்னோட மொத இன்டர்வியூக்கு ஷூ வாங்க நோட்டுக்குள்ள வச்சிருந்தாரு. ஒருத்தர்கிட்டயும் சொல்லாதன்னாரு.”

“எவ்வளவு?”

“ஆயிரத்து நூத்தம்பது ரூபா.”