இருபத்தாறாம் தேதி வரை இருங்கள், பெரியப்பா

கால்வாய்க்கரைத் தெரு,
எண்ணூர் நெடுஞ்சாலை,
சென்னை.
17.9.2003

கர்த்தருக்குள் மரியாதைக்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

தம்பி மகன் ஜெபசிங் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் கடையும் நலம். அங்கு ஊரில் தங்கள் நலத்தையும், பெரியம்மா நலத்தையும், சுஜா அக்கா வீட்டார் நலத்தையும் அறிய ஆவல்.

எல்லாக் கடிதத்திலும் எழுதுகிற வரிதான். இந்த முறை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். உண்மையாகவே ஆவல். மூச்சு எப்படி இருக்கிறது? இரவில் படுக்க முடிகிறதா, உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறீர்களா?

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். வருகிற இருபத்தாறாம் தேதி, வெள்ளிக்கிழமை, நகர்மன்றக் கூட்டம். அதுவரை நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் இருக்க வேண்டும். ரொம்ப நாள் இருக்க வேண்டும். அது என் ஆசை. இருபத்தாறு என்பது வார்டின் தேவை.

கோபப்படாமல் மேலே படியுங்கள். நீங்கள் கவுன்சிலராக இருந்தபோது கால்வாயின் மேல் ஒரு மரப்பாலம் இருந்ததே, அது போய்ப் பல காலம் ஆகிவிட்டது. இப்போது குடிநீர்க் குழாய்தான் பாலம். ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற அளவுக்குத் தடிமனான இரும்புக் குழாய், பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. பள்ளிக்கூடம், பஸ், ரேஷன் எல்லாம் அந்தக் கரையில், வீடு இந்தக் கரையில். ரயில்வே கேட் வழியாகச் சுற்றினால் அரை மணி நேரம், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. அதனால் எல்லோரும் குழாய் மேலேயே நடக்கிறார்கள். காய்ந்த நாளில் பரவாயில்லை. போன வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம் மழையில் சுப்பராயன் வழுக்கி விழுந்தார். நம் கடைக்கு மூட்டை இறக்குவாரே, அவர்தான். உங்களைப் பார்த்தால் "இன்னா அண்ணாச்சி, ஊருக்கு எப்போ போற?" என்பார். "உன்னக் கொண்டுபோய்ப் பொதச்சிட்டுத்தாம்லே போவேன்" என்று நீங்கள் சொல்வீர்கள். கால்வாயில் தண்ணீர் இடுப்பளவுதான். அதற்குக் கீழே சேறு. சேற்றின் ஆழத்தை யாரும் அளந்ததில்லை.

அதன் பிறகு அப்பா மூட்டை இறக்க வேறு ஆள் வைக்கவில்லை. தானே இறக்குகிறார். இடுப்பு வலி என்று இரவில் முனகுகிறார்.

உங்கள் பெயருக்காக, ஆசீர்வாதம் அண்ணாச்சி வீட்டுப் பையன் என்பதற்காக எனக்கு ஓட்டுப் போட்ட வார்டு இது. தத்துவத்தில் எம்.ஏ. என்று நோட்டீஸில் போட்டிருந்தேன். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. கவுன்சிலராகி நான் செய்த ஒரே காரியம், கால்வாய்க்குக் குறுக்கே ஒரு இரும்பு நடைபாலத்துக்கு மதிப்பீடு வாங்கியது. பட்டறையில் செய்து கொண்டுவந்து மாட்டுகிற பாலம், பத்தே நாள் வேலை. பொறியாளர் கையெழுத்து ஆயிற்று, ஆணையர் கையெழுத்து ஆயிற்று. மன்றம் ஒரு முறை "ஆம்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

மே மாதக் கூட்டம். பாலம் பதினேழாவது பொருள். முன்னாள் உறுப்பினர் ஷாகுல் ஹமீது முந்தின நாள் இறந்திருந்தார். தலைவி காத்தூன் பீவி இரங்கல் தீர்மானம் வாசித்தார்கள். பாதியிலேயே அழுதுவிட்டார்கள். நடிப்பு இல்லை, அவர்களுக்கு யார் செத்தாலும் அழுகை வரும். எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் நின்றோம். பிறகு எல்லோரும் கலைந்து போனார்கள். நான் மட்டும் பதினேழாவது பொருளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "கூட்டம்?" என்று கேட்டேன். "ஜெபசிங் தம்பி, இரங்கல் தீர்மானம் போட்டா சபையை ஒத்திவைக்கணும். உங்க பெரியப்பா கொண்டாந்த வழக்கம் தம்பி. நீங்களே மீறலாமா?" என்றார்கள், கண்ணைத் துடைத்தபடி.

வீட்டுக்கு வந்து விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். கல்லூரியில் எதையும் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. யார் எப்போது எழ வேண்டும், யாரைப் பார்த்துப் பேச வேண்டும், எத்தனை பேர் இருந்தால் கூட்டம், எத்தனை பேர் குறைந்தால் கூட்டமில்லை, எல்லாம் இருக்கிறது. சாவைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்பாதான் சொன்னார். ஒரு உறுப்பினர் இறந்த மறுநாள் கூட்டத்தில் சாக்கடை டெண்டரைப் பற்றி யாரோ பேச ஆரம்பிக்க, நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஏல, ஒருத்தன் செத்துக் கெடக்கான், அவன் நாற்காலிச் சூடு இன்னும் ஆறல, நீங்க சாக்கடையப் பேசுதியளா?" என்று வெளியே நடந்தீர்களாம். பின்னால் மொத்தச் சபையும் நடந்ததாம். அன்றிலிருந்து இதுதான் வழக்கம். விதியை மாற்றலாம் பெரியப்பா, அதற்கு ஒரு விதி இருக்கிறது. ஒரு நல்ல மனிதனின் கோபத்தை எந்தப் பிரிவின் கீழ் மாற்றுவது?

நீங்கள் செய்தது சரி. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அதுதான் கஷ்டம்.

ஜூனில் ஒரு கட்சித் தலைவர். நின்றோம், கலைந்தோம். ஜூலையில் ஜெயவேல். ஒரு காலத்தில் எட்டாவது வார்டு உறுப்பினர், பிறகு பேசின் பிரிட்ஜ் பக்கம் போய்விட்டவர். பேப்பரில் போட்டோ இல்லாமல் செய்தி வந்திருந்தது. பக்கத்து இருக்கைத் தாமஸ் என் காதில், "யாருப்பா இந்த ஜெயவேலு?" என்றார். தெரியாது என்றேன். தெரியாத மனிதருக்காக இரண்டு நிமிடம் நின்றோம். போண்டா தந்தார்கள்.

ஆகஸ்டில் ஜெயவேல் வந்தார்.

பார்வையாளர் வரிசையில், வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, மடியில் டிபன் கேரியர். செத்தது வேறு ஜெயவேலாம். "எம் பொண்டாட்டிய தெருவே வந்து துக்கம் கேக்குது. நா உள்ள உக்காந்து சாப்ட்டுகினு கீறேன்! தீர்மானத்தை வாபஸ் வாங்கு!" என்று கத்தினார். காத்தூன் பீவி அவரைப் பார்த்தும் அழுதார்கள், சந்தோஷத்தில். ஆனால் வாபஸ் வாங்க முடியவில்லை. மன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தை மூன்று மாதத்துக்குள் ரத்து செய்யக் கூடாது. அது விதி, புத்தகத்திலேயே இருக்கிறது. "அக்டோபர் கடைசி வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கணும்" என்றார் ஆணையர், ரொம்ப மரியாதையாக. "அதுவரிக்கும் நா இன்னாவா இருக்கறது?" என்றார் ஜெயவேல். அவர் இறந்தாரா இல்லையா என்று ஒன்றரை மணி நேரம் விவாதித்தோம். டீ வந்தது. டீக்கு எழுந்தவர்கள் திரும்பவில்லை. எண்ணிக்கை குறைந்ததால் கூட்டம் முடிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

அப்போது அம்முவைப் பார்த்தேன். சுப்பராயனின் மனைவி. இறால் கம்பெனியில் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு மாதமும் பார்வையாளர் வரிசையில் வந்து உட்காருகிறாள். போன வருஷம் சுப்பராயனுக்கு ஒரு இரங்கல் தீர்மானம் போடக் கேட்டேன், "உறுப்பினருக்கும் தலைவர்களுக்கும் மட்டும்தான் தம்பி" என்றார்கள். வாசலில் என்னைப் பார்த்ததும் அவளுக்கு எப்போதும் ஒரே கேள்விதான். "இன்னா சார், இந்த மாசம் யாரு?"

அன்றைக்கு மட்டும் வேறு. "செத்தவரே வந்து குந்திகினு கீறாரு. பாலம் மட்டும் வர்ல பாத்தியா" என்றாள். கோபமாக இல்லை. எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி.

இனி இருப்பது செப்டம்பர் கூட்டம் ஒன்றுதான். அதுவும் போனால் மழை. மழைக்காலத்தில் கால்வாயில் எந்த ஒப்பந்தக்காரரும் இறங்க மாட்டார். மார்ச் தாண்டினால் மதிப்பீடு செல்லாது, மறுபடி முதலிலிருந்து. நடுவில் மழையும் குழாயும் இருக்கும். மனிதர்கள் நடப்பார்கள்.

போன வாரம் நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். தபேதார் மஜீது பாய் மெதுவாகப் பக்கத்தில் வந்து, "அண்ணாச்சிக்கு சீரியஸ்னு கேள்விப்பட்டேனே" என்றார். உண்மையான வருத்தம். அவரை வேலைக்குச் சேர்த்தது நீங்கள்தானே. கேட்டுக்கொண்டிருந்த தாமஸ் பெருமூச்சு விட்டார். "எப்டி கீது? தாங்குமா? தப்பா நெனைக்காதபா. இருவத்தாறாந்தேதி மச்சினிக்கு நிச்சயம், காட்பாடில. காலைலயே கெளம்ப முடியுமான்னு பாக்கறேன்." அவர் கெட்டவர் இல்லை பெரியப்பா. ஒரு சாவு வந்தால் பதினொரு மணிக்கு ரயில் பிடிக்கலாம் என்று கணக்குப் போட சபை எங்களுக்கெல்லாம் பழக்கியிருக்கிறது. நானும் போடுகிறேன், தலைகீழாக. ராத்திரி ஜெபத்தில் உங்கள் பெயரைச் சொல்லும்போது தேதியும் சேர்ந்து வந்துவிடுகிறது.

அதனால்தான் இந்தக் கடிதம். மருந்தை விடாதீர்கள். உப்பைக் குறையுங்கள், கருவாடு வேண்டவே வேண்டாம். பெரியம்மா கண்ணை மறைத்து மொச்சைக்கொட்டை தின்னாதீர்கள். வெள்ளிக்கிழமை மதியம் பாலம் நிறைவேறியதும் கடை போனிலிருந்து கூப்பிடுகிறேன். அதன் பிறகு நீங்கள் எத்தனை மொச்சைக்கொட்டை வேண்டுமானாலும் தின்னலாம்.

பெரியம்மாவுக்கு என் ஸ்தோத்திரம். சுஜா அக்கா பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லவும். உயிரும் மூச்சும் தருகிற தேவன் தங்களைக் காப்பாராக, அவசரப்படாமல்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மகன்,
ஜெபசிங்

பின்குறிப்பு:

உறையில் முகவரி எழுதிக்கொண்டிருந்தேன். கடை போன் அடித்தது. சுஜா அக்கா.

காலையில் நீங்கள் கட்டன் காபி கேட்டீர்களாம். கொண்டுவருவதற்குள்.

அக்கா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கேட்டாள். "ஏல ஜெபா, அங்க முனிசிபாலிட்டிக்குச் சொல்லணும்லா? அப்பாவுக்கு அது பெரிய காரியம். யார்ட்ட சொல்லணும்?"

"நான் சொல்லிக்கிடுதேங்க்கா" என்றேன்.

சொல்ல மாட்டேன் பெரியப்பா.

இன்று ராத்திரி ரயிலில் வருகிறேன். சரக்கு எடுக்கப் போகிறேன் என்று தெருவில் சொல்லியாயிற்று. அப்பா வரவில்லை. "ரெண்டு பேரும் போனா தெருவுக்கே தெரிஞ்சிரும். நீ போ. அண்ணங்கிட்ட நான் பொறவு சொல்லிக்கிடுதேன்" என்றார். கடையை அடைக்கவில்லை. ஒரு மூட்டை வெங்காயத்தைப் பிரித்துப் போட்டு, உரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். யாராவது கண்ணைப் பார்த்துக் கேட்டால் சொல்ல வேண்டுமே.

கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கையில் கொண்டுவருகிறேன், உங்கள் சட்டைப் பையில் வைக்க. ஜெயவேல் அண்ணன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே அக்டோபர் கடைசி வரை செத்திருக்கப் போகிறார். நீங்கள் வெள்ளிக்கிழமை வரை இருங்கள். அதன் பிறகு ஒரு கூட்டத்தை ஒத்திவைக்க நானே எழுந்து கேட்கிறேன்.

இப்போதுதான் அம்மு வந்தாள், கால் கிலோ துவரம்பருப்புக்கு. அப்பாவையும் வெங்காயத்தையும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இந்த மாசம் யாரும் இல்லியே சார்?"

"யாரும் இல்ல அம்மு."