விலகல்: நில்

துவாரகா, புது தில்லி

மதிப்பிற்குரிய அத்திம்பேருக்கு பட்டாபி செய்துகொண்ட நமஸ்காரம். இவ்விடம் நாங்கள் மூன்று பேரும் இதுவரை மூன்று பேராகவே இருக்கிறோம். அவ்விடம் திருச்சியில் நீங்களும் மாதங்கி அக்காவும் ஆள் குறையாமல் சௌக்கியமாக இருக்கப் பெருமாளைப் பிரார்த்திக்கிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்களுக்குக் காது கேட்பதில்லை. எனக்கு போனில் எதையும் டைப் அடிக்கப் பயமாக இருக்கிறது. நீங்கள் நகராட்சியில் கட்டட ஆய்வாளராக இருந்து ரிட்டயரானவர், எத்தனையோ வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியவர். நோட்டீஸ் ஒட்டிய வீடு மறுநாள் காணாமல் போய், அங்கே வீடே இருந்ததில்லை என்று தெருவே சொன்ன அனுபவம் உங்கள் சர்வீஸில் உண்டா? உண்டென்றால் அதற்குப் பரிகாரம் என்ன? இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். ஆத்துக்காரி அம்புஜத்திடம் கேட்டால் டாக்டரிடம் அழைத்துப் போகிறேன் என்கிறாள்.

நான் திட்ட அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து காலம் தள்ளியது உங்களுக்குத் தெரியும். வரைபடத்தில் நான் பச்சை பூசிய பூங்காக்களில் எல்லாம் இன்று கார் நிற்கிறது. இந்த ஊரில் எந்தக் கட்டடமும் எந்தத் திட்டத்தையும் மதித்து நான் பார்த்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான், வெங்கி என்று குர்காவ் கன்சல்டன்ஸிக்காரப் பையன் ஒருவன், என் பெண் சுபிக்ஷாவுக்குத் தெரிந்தவன், வீட்டுக்கு வந்து ஒரு வேலை சொன்னபோது ஒப்புக்கொண்டேன். எங்கள் பேட்டைக்கென்று ஓர் உள்ளூர்த் திட்டம் போட்டுச் சில வருடமாகிறது. அது ஊரை எப்படி வளர்த்திருக்கிறது, ஊர் அதை எங்கே மீறியிருக்கிறது என்று கண்காணிக்க வேண்டுமாம். தெருத்தெருவாகப் போய் போட்டோ எடுக்க வேண்டியது, போனில் அவன் போட்டுக்கொடுத்த ஆப்பில் ‘விலகல்’ என்ற கட்டத்தில் மீறல் என்னவென்று அடிக்க வேண்டியது, அவ்வளவுதான். காலையில் நடந்த மாதிரியும் ஆயிற்று, ஊருக்கு உபகாரம் பண்ணிய மாதிரியும் ஆயிற்று என்று கிளம்பினேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

முதலில் போனது கமலேஷ் கடை. எங்கள் அபார்ட்மெண்ட் சொசைட்டி கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் மேஜை போட்டுத் துணி இஸ்திரி போடுகிறவள். திட்டப்படி அது நடைபாதை. நான் நாணயமாக ‘விலகல்: இஸ்திரிக் கடை’ என்று அடித்தேன். மறுநாள் இஸ்திரிக்குக் கொடுத்த சட்டைகளை வாங்கப் போனால் மேஜையும் இல்லை, கமலேஷும் இல்லை, கரித்தூள்கூட இல்லை. புத்தம் புதிதாக ஒரு நடைபாதை இருந்திருந்தால்கூட முனிசிபாலிடிக்கு என்ன திடீர் ரோஷம் என்று போயிருப்பேன். இது பழைய நடைபாதை. கல்லெல்லாம் தேய்ந்து, இடுக்கில் புல் முளைத்து, நெடுநாளாக ஜனங்கள் நடந்த நடைபாதை. வாட்ச்மேனைக் கேட்டேன். “கோன் கமலேஷ், சாப்?” என்றான், யார் கமலேஷாம். நேற்று வரை அவளிடம் கடன் வாங்கி டீ குடித்தவன். வீட்டுக்கு வந்து அம்புஜத்திடம் என் சட்டைகள் போச்சே என்று புலம்பினேன். “எந்தச் சட்டை? நம்மாத்துத் துணியை என்னிக்கு வெளில குடுத்தோம்? கல்யாணமான நாள்லேர்ந்து நான்தானே இஸ்திரி போட்டுண்டிருக்கேன்” என்றாள். அவள் மணிக்கட்டில் இஸ்திரிப்பெட்டி சுட்ட வடு ஒன்று இருந்தது. பழைய வடு. அதற்கு முந்தின நாள் அந்த வடு கிடையாது, அத்திம்பேர்.

சரி, வயதாகிறது, நமக்குத்தான் மூளை குழம்புகிறது என்று சமாதானம் செய்துகொண்டேன். அடுத்தது எதிர்த் தெரு சௌத்ரியின் வீடு. அனுமதி இரண்டு மாடிக்கு. மனுஷன் மூன்றாவதும் எழுப்பி, வேலூர்க்காரி இந்திராணி என்ற நர்ஸுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். எனக்கு பிரஷர் பார்த்துச் சொல்கிற பெண். பாவம், அவளுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று இந்த முறை பொய் சொன்னேன். மீறல் ஒன்றுமில்லை என்றால் இங்கிலீஷில் என், ஐ, எல் என்று மூன்று எழுத்து அடிப்பது ஆபீஸ் வழக்கம். அதையே அடித்தேன். மறுநாள் மீறல் ஒன்றுமில்லை. மூன்றாவது மாடியும் இல்லை. மாடிப்படி இரண்டாவது மாடியில் ஒரு சுவரில் போய் முட்டி நின்றது. “மேலே இருந்தாளே, அந்த நர்ஸ் எங்கே?” என்று சௌத்ரியிடம் கேட்டேன். அவர் பல் குத்திக்கொண்டே, “ஊபர்? ஊபர் தோ ஆஸ்மான் ஹை ஜி” என்றார். மேலே வானம்தான் இருக்கிறதாம். உண்மைதான், நானும் பார்த்தேன், நல்ல நீல வானம்.

வேலையை விட்டுவிடலாம் என்று வெங்கிக்கு போன் போட்டேன். அவன், “சார், எல்லா இடத்துலயும் பிளானும் தரையும் அப்படியே மேட்ச் ஆகுது. க்ளையண்ட் ரொம்ப ஹேப்பி. நீங்க விட்டா நான் வேற ஆளைப் போட்டுடறேன், நோ ப்ராப்ளம்” என்றான். வேறு ஆள் என்றதும்தான் எனக்கு அந்த விஷயம் உறைத்தது. கமலேஷை எனக்கு மட்டும் நினைவிருப்பது ஏன்? கட்டத்தில் அடித்தவன் நான். அடித்தவனுக்கு மட்டும்தான் நினைவு மிஞ்சுகிறது. நாளைக்கு வேறு ஒருவன் அடித்தால் எது போனது என்று எனக்கும் தெரியாது, இருந்ததும் தெரியாது, நான் பாட்டுக்கு சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். “நானே பண்றேன்ப்பா” என்று சொல்லிவிட்டேன். ஏனென்றால் பாக்கியிருந்தது எங்கள் சொசைட்டி.

எங்கள் வீட்டுப் பால்கனி உங்களுக்குத் தெரியும், இங்கே எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம், கண்ணாடியும் அலுமினியமும் போட்டு மூடி அறையாக்கினோம். திட்டத்தில் அது திறந்தவெளி. தரையில் அது சுபிக்ஷாவின் அறை. கல்யாணம் சரிப்படாமல் அவள் பெட்டியோடு திரும்பி வந்தபோது இரண்டு அறை வீட்டில் அவளுக்கென்று கொடுக்க எங்களிடம் இருந்தது அந்த ஒன்றுதான். கொஞ்ச நாள் உள்ளே விளக்குகூடப் போடாமல் கிடந்தாள். இப்போது அங்கிருந்துதான் ஆபீஸ் கால் பேசுகிறாள், ஹிந்தியில் யாரையாவது திட்டுகிறாள், தானாகச் சிரிக்கிறாள். என் பெண் மறுபடி சிரித்தது அந்த மீறலுக்குள் உட்கார்ந்துதான், அத்திம்பேர். அதை நான் எந்தக் கையால் அடிப்பேன்? அவளிடம் ஜாடையாக, கொஞ்ச நாள் ஹாலில் படுத்துக்கொள்ளேன் என்றேன். “அப்பா, டென்ஷன் மத் லோ, கவலையை விடு. தில்லில எல்லார் வீட்டுலயும் பால்கனி மூடியிருக்கு, யாரு வந்து பாக்கப்போறா?” என்றாள். பார்க்க வந்தவன் அவள் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இந்த நிலைமையில்தான் பெருமாள் கண் திறந்தார். மெட்ரோ வாசலில் மோமோ என்கிற காரக் கொழுக்கட்டை விற்கிற வண்டி ஒன்று. திட்டப்படி அங்கே சைக்கிள் பாதை. மனசைக் கல்லாக்கிக்கொண்டு என், ஐ, எல் என்று அடித்தேன். அன்று காலை அக்காவுக்கு வாட்ஸப் அனுப்பிவிட்டு போனை, இங்கிலீஷில் அடித்தால் தமிழாக விழும் கீபோர்டிலேயே விட்டிருந்திருக்கிறேன், கண்ணாடியும் போட்டுக்கொள்ளவில்லை. அடித்தது ‘நில்’ என்று தமிழில் விழுந்து, அப்படியே போய்விட்டது. மறுநாள் பயந்துகொண்டே போனால் வண்டி நிற்கிறது. ஆவி பறக்க நிற்கிறது. அதற்கடுத்த நாளும் நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேண்டாத மோமோவை ஒரு தட்டு வாங்கித் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டேன். புரிகிறதா? நில் என்றால் நிற்கிறது. தமிழுக்கு மரியாதை கொடுக்கிற ஒரே ஆபீஸ் ஆப் இதுவாகத்தான் இருக்கும். அதற்கப்புறம் விட்டேனா? ஜூஸ் கடைக்கு நில். செருப்புத் தைக்கிறவருக்கு நில். எங்கள் சொசைட்டியில் மூடிய பால்கனி ஒவ்வொன்றுக்கும் நில், நில், நில். கடைசியாக எங்கள் வீட்டைப் போட்டோ எடுத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் சுபிக்ஷா தலை துவட்டிக்கொண்டு எனக்குக் கை ஆட்டினாள். எழுத்து எழுத்தாகப் பார்த்து, ‘நில்’ என்று அடித்து அனுப்பினேன்.

இன்று காலையும் அறை இருக்கிறது, உள்ளே என் பெண்ணும் இருக்கிறாள், காபியில் சர்க்கரை ஜாஸ்தி என்று சண்டை போடுகிறாள். இருந்தாலும் எனக்குச் சாசுவதமாக ஒரு நிம்மதி வேண்டும். ஒருமுறை ‘நில்’ என்றால் அது எத்தனை காலத்துக்குச் செல்லும், மேலதிகாரி யாராவது மாற்ற முடியுமா, கமலேஷையும் இந்திராணியையும் திரும்ப அழைக்க ஏதாவது மனு உண்டா என்று உங்கள் அனுபவத்தில் விசாரித்து எழுதவும். குளிருக்கு நீங்களும் அக்காவும் அவசியம் இங்கே வரவேண்டும். சுபிக்ஷா தன் அறையை உங்களுக்குக் கொடுத்துவிட்டு ஹாலில் படுத்துக்கொள்கிறாளாம். அக்காவுக்கு எங்கள் மூவரின் நமஸ்காரம். உங்கள் வீட்டில் சுவர்களும் மனுஷர்களும் உள்ளபடியே நிலைத்திருக்கப் பகவான் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
பட்டாபி

பி.கு.: தபால் தலை வாங்க மறந்து கடிதம் சில நாளாக மேஜையிலேயே கிடந்துவிட்டது. இதற்குள் வெங்கி போன் செய்தான். இங்கே தில்லி முனிர்க்காவில் பிறந்து வளர்ந்த பையன், தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. “சார், நீங்க தமிழ்ல ஏதோ அடிச்சிருந்தீங்க. கம்ப்யூட்டர்ல போட்டு ட்ரான்ஸ்லேட் பண்ணேன், ‘ஸ்டாப்’னு வந்துது. அதனால எல்லாத்தையும் ஸ்டாப்னு நானே மாத்தி அனுப்பிட்டேன்” என்றான். மாற்றிக்கொள்ளட்டும், எனக்கென்ன. அப்புறம் குரல் ஒரு மாதிரி நடுங்க, “சார், சுபிக்ஷா மேடம் வீட்டுல இருக்காங்கதானே?” என்று கேட்டான். வேறு யார் வீட்டையோ நினைத்து எங்களைக் கேட்கிறாய் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்துப் பார்த்தால் நானும் அதே பெயரை எழுதியிருக்கிறேன். எங்களுக்குக் குழந்தை இல்லையே என்று அக்கா ஏறாத கோயில் இல்லை. அவளிடம் இதைக் காட்ட வேண்டாம், வருத்தப்படுவாள். மோமோ வண்டி, ஜூஸ் கடை எல்லாம் எங்கே பார்த்தேனோ தெரியவில்லை. அம்புஜம் சொல்கிற டாக்டரிடமே போகலாம் என்றிருக்கிறேன். நீங்கள் குளிருக்குத் தாராளமாக வாருங்கள். எங்கள் பால்கனி திறந்தவெளி, நல்ல வெயில் வரும். அம்புஜத்துக்குத்தான் இரண்டு நாளாக ஒரு புதுப் பழக்கம். சாயங்காலம் வாசற்கதவைத் தாழ் போடாமல் அதன் பக்கத்திலேயே நிற்கிறாள். யார் வரப்போகிறார்கள், தாழைப் போடேன் என்றேன். “தெரியலை. தாழ் போடக் கை வரமாட்டேங்கறது” என்றாள்.