மேற்படி மாட்டின் மேற்படி உண்ணிகள்

உண்ணியை ஒழிப்பதற்கு முன் அது எத்தனை என்று தெரிய வேண்டும். எண்ணாமல் கொன்றால் அது ஒழிப்பு ஆகாது, வெறும் கொலை. இப்படியொரு சுற்றறிக்கை வந்ததும் விருத்தாசலத்துக்கு உண்ணிக் கணக்கெடுப்பு அலுவலராக மதிவாணன் வந்து சேர்ந்தார். சரிபார்ப்பு முடியும்வரை ஒரு உண்ணியையும் யாரும் பிடுங்கக் கூடாது என்பது விதி.

பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற பாஞ்சாலையின் செவலைப் பசு மேல் நாற்பத்து மூன்று என்று எழுதிக்கொண்டு போனார் மனுஷன். மூன்றாம் நாள் செவலைக்குக் காய்ச்சல். ஏழு மாதச் சினை. வைக்கோலைத் தொடவில்லை, மூத்திரம் கடுங்காப்பி மாதிரி போனது. விதியாவது வெங்காயமாவது என்று பாஞ்சாலை மாட்டு டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போடவைத்தாள். அத்தனை உண்ணியையும் பிடுங்கி நெருப்பில் போட்டாள். நாலே நாளில் செவலை எழுந்து வைக்கோலை இழுத்தது.

விஷயம் தெரிந்து மதிவாணன் ஓடி வந்தார்.

"எங்கம்மா நாப்பத்தி மூணும்?"

"எரிச்சிட்டேன் சார். மாடு சாவக் கெடந்துது."

"மாடு உன்னுது. உண்ணி கணக்குல ஏறிடுச்சி, அது அரசாங்கத்துது."

"அது குடிச்சது என் மாட்டு ரத்தமாச்சே சார்!"

"அது உன் மாட்டுக்கும் உண்ணிக்கும் உள்ள விவகாரம். வெள்ளிக்கிழமை மேடம் வராங்க. நாப்பத்தி மூணும் இருக்கணும். இல்லன்னா மாட்டோட நம்பர் போட்ட காது வில்லை ரத்து. அப்புறம் கன்னு போடறப்ப எந்த டாக்டரும் வர மாட்டாரு, பாத்துக்க."

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? பாஞ்சாலை பொம்மைக் களிமண்ணில் கொட்டமுத்து, அதாவது ஆமணக்கு விதை, அளவுக்கு நாற்பத்து மூன்று உருண்டை உருட்டினாள். எட்டு எட்டுக் கால் கீறி, சாம்பல் நிறம் பூசி, சூளையில் வைத்துச் சுட்டாள். வியாழக்கிழமை சாயங்காலம் கருவேலம் பிசின் வைத்துச் செவலை மேல் ஒட்டினாள்.

மேலதிகாரி சண்முகப்ரியா பூதக்கண்ணாடியோடு வந்து எண்ணினார். கணக்கு அச்சாகப் பொருந்தியது. மருந்து அடித்துப் பார்த்தார், ஒன்றுகூட அசையவில்லை.

"என்னா ஒரு கட்டுப்பாடு!" என்று வியந்து, ஒன்றைப் பெயர்த்து ஆய்வுக்கு அனுப்பினார்.

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. மேற்படி உண்ணி எம்மருந்துக்கும் அஞ்சாதது, பசி தாகமற்றது, ஆகவே அதுவே முன்மாதிரி. அதனோடு ஒத்துப்போகாத எதுவும் இனி உண்ணி அல்ல. அவ்வளவுதான், மாட்டில் நிஜ உண்ணி வைத்திருந்தவர்களுக்கெல்லாம் 'போலி உண்ணி வளர்த்த குற்றம்' என்று நோட்டீஸ். ஜனம் பாஞ்சாலை வூட்டு வாசலில் வரிசை கட்டியது. வேப்பூரிலிருந்து பஸ்ஸு ஏறி வந்தார்கள். பொம்மை சுட்ட சூளையெல்லாம் உண்ணி சுட்டது.

சித்திரை வெயிலில் ஒருநாள் மதிவாணன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தார். பல் தந்தியடித்தது.

"சார், காதுக்குப் பின்னால உண்ணி இருக்குது!" என்றாள் பாஞ்சாலை.

அவர் செல்போனில் அதைப் படம் பிடித்து, முன்மாதிரிப் படத்தோடு வைத்துப் பார்த்தார்.

"ஒத்துப்போவலம்மா. அப்ப இது உண்ணி இல்ல. ஆஸ்பத்திரியில பதினோரு பேரு இதே காய்ச்சல்ல கெடக்கறாங்க, யாருக்குமே ஒத்துப்போவல. அத வுடு, திட்டக்குடிக்கு நாளைக்கே ரெண்டாயிரம் உண்ணி வேணும்."

பைத்தியக்கார மனுஷன் என்று பாஞ்சாலைக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவர் போனதும் களிமண்ணை இழுத்து வைத்து உட்கார்ந்தாள். பின்னால் செவலை முனகியது. காலையிலிருந்து வைக்கோலைத் தொடவில்லை. ரெண்டு காதிலும் உண்ணி அப்பிக் கிடந்தது.

"சும்மா கெட செவல," என்றாள் பாஞ்சாலை, தலையைத் தூக்காமல். "இன்னும் ஆயிரத்தி எண்ணூறு உண்ணி உருட்டணும். உன்ன நாளைக்குப் பாக்கறேன்."