பெயிண்ட் டப்பாவில் கொத்தமல்லி

ஒரு குடும்பத் தலைவனுக்கு அவன் வீட்டு பால்கனியில் நாற்காலி போட உரிமை உண்டா, இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

மேனாம்பேட்டில் இரண்டாவது மாடி. பால்கனி என்றால் ஒரு பாய் விரிக்கும் அளவு. அதில் புதினாவுக்கு எண்ணெய் டின், கற்பூரவல்லிக்கு உடைந்த குடம், கறிவேப்பிலைக்கு என் குளியல் வாளி. மூலையில் மட்டும் என் நாற்காலி. ஷிப்ட் முடிந்து வந்தால் நான் காற்று வாங்கும் ஒரே இடம்.

அன்றைக்கு வந்து பார்க்கிறேன், நாற்காலி கட்டில்மேல் கவிழ்ந்து கிடக்கிறது. அதன் இடத்தில் மண் நிரப்பிய பெயிண்ட் டப்பா!

"சாராள்! இன்னா இது?"

"கொத்தமல்லிக்குங்க. அங்கதான் காலை வெயில் நல்லா வுழுது."

"அப்போ நான் எங்க உட்கார்றது?"

"உங்களுக்கு இன்னாத்துக்கு வெயிலு? நீங்க இன்னா முளைக்கவா போறீங்க?"

பக்கத்து பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சொர்ணம் அக்கா சிரித்த சிரிப்பில் அவர் கையிலிருந்த கிளிப் தெருவில் விழுந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. "ரெண்டு வாரம் டைம். முளைக்கலைன்னா டப்பா மொட்டை மாடிக்கு, நாற்காலி இங்க!"

"முளைச்சிட்டா?"

"நாற்காலிப் பேச்சையே எடுக்க மாட்டேன்!"

"அக்கா, கேட்டுக்கினீங்களா?"

"கேட்டுக்கினேன்மா!"

மறுநாள் தனியாவைச் சப்பாத்திக் கட்டையால் உருட்டி, ஒவ்வொன்றையும் இரண்டாக உடைத்து, விதைப்பதற்காகக் கிண்ணத்தில் வைத்துவிட்டு சர்ச்சுக்குப் பாட்டு பழகப் போனாள் சாராள். நான் அடுப்பைப் பற்றவைத்தேன். கல்யாணமாகி முதல் தடவை! நிறம் மாறாமல் தனியாவை வறுத்து, ஆறவைத்து, அதே கிண்ணத்தில் கொட்டினேன். வாசனையை மறைக்க அப்பளமும் பொரித்தேன்.

"பசிச்சுதா? பாவம்" என்றாள், வந்தவள். அன்று மாலையே விதைத்துத் தண்ணீரும் ஊற்றினாள்.

மண் மண்ணாகவே இருந்தது. நான் விசிலடித்துக்கொண்டே வேலைக்குப் போய்வந்தேன்.

கெடுவின் கடைசி நாள். எழுந்து பார்க்கிறேன், டப்பா நிறையக் கொத்தமல்லி! முளை அல்ல, ஒரு சாண் உயரத்துக்குத் தளதளவென்று முழுச் செடி! கடையில் வேரோடு ஒரு கட்டு வாங்கி அப்படியே நட்டிருக்கிறாள். தாலி கட்டியவனிடமே மோசடியா? இந்த வீட்டில் நேர்மை என்று ஒன்று வேண்டாமா?

"இது மார்க்கெட் கட்டுடி!"

"நான் போட்ட தனியாதாங்க."

"அக்கா, நீங்களாவது நியாயம் சொல்லுங்க! ராவோட ராவா இவ்ளோ வளருமா?"

"சாராள் கை ராசி அப்படி தம்பி."

"இன்னா ராசி? வறுத்த தனியா எந்த ஊர்லக்கா முளைக்கும்?"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

"தண்ணி ஊத்தினப்பவே டப்பாவுல சாம்பார்ப் பொடி வாசனை" என்றாள் சாராள், சாவகாசமாக. "உங்க வாயாலயே வரட்டும்னுதான் இந்தக் கட்டை நட்டேன். ஆனா ஒண்ணுங்க, நிறம் மாறாம இன்னா பக்குவமா வறுத்துக்கீறீங்க!"

பாராட்டு என்று நினைத்துத் தலைநிமிர்ந்தேன். நாற்காலி அடுப்பங்கரைக்குப் போயிருந்தது. பக்கத்தில் கரண்டி, வாணலி, இந்த மாதத்துச் சாம்பார்ப் பொடிக்கான தனியா, மிளகாய், துவரம்பருப்பு.

வறுக்க உட்கார்ந்தேன். பாதியில் கதவு தட்டினார்கள். சொர்ணம் அக்கா, அவர் வீட்டுத் தனியாவோடு.