முதல் பானையும் மீன் வாடை நூடுல்ஸும்

அண்ணனூர் ரயில் கார் ஷெட்டுக்குப் பின்தெருவில் குடியிருக்கும் மச்சான் நடேசனுக்கு, கள்ளிக்குப்பத்திலிருந்து உன் அக்காள் புருஷன் முனியன் வாயால் சொல்லி அனுப்பும் கடிதம். இங்கு நானும், உன் அக்காள் அங்கம்மாவும், மகன் தமிழரசும், மருமகள் காவ்யாவும், பேரப்பிள்ளைகளும் அம்மன் புண்ணியத்தில் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நான் விசாரிப்பதாக இல்லை. இன்று மத்தியானம் என் வீட்டிலிருந்து நீ செருப்பை மாட்டிக்கொண்டு போன வேகத்திலேயே அது தெரிந்துவிட்டது. அது நம் கோயில் கமிட்டி ஜெகதீசன் செருப்பு. அவன் இன்னும் வெறுங்காலோடு இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான்.

எனக்குக் கைநாட்டுதான் என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லக் காவ்யா எழுதுகிறாள். என் பேச்சை அவள் புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்ளட்டும், ஆனால் மற்றவர்கள் பேசியதைப் பேசினபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன். போனில் சொல்லலாம்தான். நான் வாயைத் திறந்ததும் "டவர் இல்ல மாமா" என்று நீ வைத்துவிடுவாய். கடிதத்துக்கு டவர் வேண்டாம்.

விஷயம் இதுதான். நாளை ஆடி ஞாயிறு. நம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது முதல் பானையைத் தலையில் வைத்துத் தெருவைச் சுற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோவது என் அப்பன் காலத்திலிருந்து எங்கள் வீட்டு வேலை. நாளைக்கும் நான்தான் தூக்குவேன். "காப்பு கட்டிக்கொண்டு வீட்டில் மீன் ஆக்கிய மனிதன் பானையைத் தொடக் கூடாது" என்று நீ கிளப்பிவிட்ட வழக்கு இன்று மத்தியானம் என் வீட்டிலேயே தீர்ந்து போயிற்று. தீர்ப்பு வருவதற்கு முன்னால் நீ எழுந்து போய்விட்டதால், முழு விவரத்தையும் இதில் எழுதி அனுப்புகிறேன்.

போன மாதம் சர்க்கரை டாக்டர் என் ரத்தச் சீட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமல் தமிழரசைப் பார்த்தார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. வெளியே வந்ததும் மகன், "சுகர் எறங்கலன்னா இந்த வருசம் பானை கெடையாது நைனா. தல சுத்தி நடுத்தெருவுல உயுந்தா யாரு பதில் சொல்றது?" என்றான். பானையை ஒரு வருஷம் விட்டுக்கொடுத்தால் அது போனதுதான் மச்சான். பஸ்ஸில் துண்டு போட்டு வைத்த சீட் மாதிரி திரும்பி வந்து கேட்க முடியாது. அதனால் சோறு விட்டேன், இட்லி விட்டேன், டீக்குச் சர்க்கரை விட்டேன். விட முடியாதது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பேரப்பிள்ளைகளுக்குக் காவ்யா செய்யும் பாஸ்தா. பல் போன வாய்க்கு அதைப்போல ஒத்தாசை வேறொன்று கிடையாது. அதுவும் மாவுதான் என்று டாக்டர் சொன்ன அன்று நான் ராத்திரி சாப்பிடவே இல்லை. அதைப் பார்த்துத்தான் காவ்யா செல்போனில் தேடி இந்தக் கொன்ஜாக் நூடுல்ஸை வரவழைத்தாள்.

அது கிழங்கு. ஜப்பான் பக்கம் விளைகிற கிழங்கு. நம் சேனைக்கிழங்குக்குப் பங்காளி முறை என்று காவ்யா படித்துச் சொன்னாள். மாவுச் சத்து இல்லை, தின்றால் சர்க்கரை ஏறாது. தண்ணீரோடு பாக்கெட்டில் அடைத்து வருகிறது, கண்ணாடியில் நூல் திரித்த மாதிரி இருக்கும். பாக்கெட்டை வெட்டியதும் வரும் வாடையைப் பற்றி நான் பொய் சொல்லப் போவதில்லை. மீன் வண்டி நம் வாசலில் வந்து நின்ற மாதிரி இருக்கும். அது ஊறுகிற தண்ணீரின் குணம், கிழங்கின் குற்றம் இல்லை. வடிதட்டில் கொட்டிக் குழாயடியில் அலசி, அலசின கையோடு இன்னொரு தரம் அலசி, வெந்நீரில் ஒரு கொதி விட்டு, எண்ணெய் ஊற்றாத வாணலியில் போட்டுப் புரட்ட வேண்டும். ஈரம் இருக்கிற வரைக்கும் அது எலிக்குட்டி மாதிரி கீச் கீச் என்று கத்தும். கத்தல் நின்றால் வாடையும் நின்றுவிடும். பிறகு பூண்டு, தக்காளி, குடைமிளகாய் எல்லாம் வதக்கி அதில் போட்டுப் பிரட்டி, மேலே சீஸைத் துருவிப் போட்டால் பாஸ்தா என்றே நினைத்துத் தின்னலாம். முதல் வாய் ரப்பர் பேண்டைக் கடிப்பது போல இருக்கும். இரண்டாம் வாய்க்குள் நாக்கு சமாதானம் ஆகிவிடும். சர்க்கரை இறங்கியது. டாக்டர் இந்த முறை என்னைப் பார்த்தே பேசினார். தமிழரசே போய்க் காப்புக்கு மஞ்சள் கயிறு வாங்கி வந்தான். காப்புக் கட்டிக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் மச்சான், கோயில் நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு நீ வந்தாய். காவ்யா அப்போதுதான் பாக்கெட்டை வெட்டியிருந்தாள். நீ கேட்டுக்கு வெளியிலேயே நின்று மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டாய்.

"இன்னா மாமா, கையில காப்பு கட்டிகினு ஊட்டுல மீனு கய்வறியா?"

"மீனு இல்லடா, கெயங்கு."

"கெயங்கு எப்ப மாமா கடல்ல மொளைக்க ஆரம்பிச்சுது?"

உள்ளே வந்து பார்த்திருக்கலாம். வரவில்லை. நேராகக் கோயில் கமிட்டித் தலைவர் சின்னசாமி வீட்டுக்குப் போய்விட்டாய். உன் மூக்கை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூக்குக்கு மேலே இருக்கிற கண்ணும் கீழே இருக்கிற வாயும் எனக்குப் பழக்கமானவை. தெருவில் பாதாளச் சாக்கடை தோண்டிப் போட்டிருந்த வருஷம், காப்புக் கட்டின மூன்றாம் நாள், ஓ.டி. பஸ் ஸ்டாண்டு எதிர் பேக்கரியில், காற்றாடி ஓடாத மூலையில், ஊதா கட்டம் போட்ட சட்டையோடு நீ முட்டை பப்ஸ் தின்றாய். நான் வருவதைப் பார்த்ததும் "காய்கறி பப்ஸ் மாமா" என்றாய். உன் மீசையில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது. நான் அன்றைக்கு யார் வீட்டுக்கும் போகவில்லை. இன்றைக்கும் சின்னசாமியிடம் சொல்லவில்லை. கேட்டால் சொல்வேன்.

அதனால்தான் கமிட்டியை என் வீட்டுக்கே வரச் சொன்னேன். நீ, சின்னசாமி, ஜெகதீசன் மூவரும் காப்புக் கையோடு கூடத்தில் உட்கார்ந்தீர்கள். உங்கள் முன்னாலேயே காவ்யா பாக்கெட்டை வெட்டினாள். சின்னசாமி குனிந்து பார்த்துவிட்டு, "வெள்ளையா, வழவழன்னு, கண்ணாடியாட்டம்… இது சொறி மீனாட்டம் கீதுப்பா" என்றார். காவ்யா பாக்கெட்டில் இருந்த பச்சைப் புள்ளியைக் காட்டினாள், சைவம் என்று. நீ, "புள்ளி யாரு வேணா வெப்பாம்மா, பொட்டு மாதிரி" என்றாய். ஜெகதீசன்தான் வழி சொன்னான். "பூனைய கூப்புடுங்க. மீனுன்னா அது பொய் சொல்லாது."

நம் தெருப் பூனை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். கருவாட்டுக்காக மொட்டை மாடியிலிருந்து குதிக்கிற ஜென்மம். ஒரு தட்டில் வைத்துக் கூப்பிட்டோம். ஓடி வந்தது. மோந்தது. இன்னொரு தரம் மோந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தது. தும்மிவிட்டுப் போய்விட்டது. சின்னசாமி தொடையைத் தட்டி, "கெயங்குதாம்பா" என்றார். நீ மட்டும் விடவில்லை. "அதுக்கும் சுகர் இருக்கும்" என்றாய். அங்கம்மா அடுப்படியிலிருந்து, "ஏன்டா நடேசா, பூனைக்குக் கூட நம்பிக்க வந்துடுச்சி, உனுக்கு வர்ல பாரு" என்றது உன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை, எழுதி வைக்கிறேன்.

அப்புறம் காவ்யா இருந்த பாக்கெட் எல்லாவற்றையும் வெட்டிச் சமைத்தாள். சின்னசாமி முதலில் விரலால் ஒரு இழை எடுத்தார். பிறகு ஒரு தட்டு. "வயித்துல வெயிட்டே தெர்லப்பா" என்று இன்னொரு தட்டு. ஜெகதீசன் அவருக்குச் சளைத்தவனா? நானும் வீட்டுக்காரன் என்ற முறையில் நிறுத்தாமல் தின்றேன். அமாவாசை விருந்து கெட்டது போ. நீ ஒருத்தன்தான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "ஒரு வாய் துன்னு பாரு மச்சான்" என்று நான் தட்டை நீட்டினபோது, "எனக்கு அம்மன் மேல பயம் கீது" என்று சொல்லிவிட்டு எழுந்தாய். போகிற போக்கில், "நீ தூக்க முடியாம போனா நான் தூக்கறேன், பானை நிக்கக் கூடாதில்ல" என்றும் சொன்னாய். அந்த ஒரு வார்த்தையில் உன் மீன் வாடை எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆகையால் தெரிவிப்பது என்னவென்றால், தலைவர் சின்னசாமி வாய் நிறைய வைத்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டார். முதல் பானை முனியனுக்கு. ஜெகதீசன் அதற்குத் தலையாட்டினான். நாளைக் காலையில் நீ கோயிலில் வெறும் வேப்பிலைக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். பானை பக்கம் வர வேண்டாம். என் தோளுக்கும் காலுக்கும் ஒன்றும் வந்துவிடவில்லை. சர்க்கரை இறங்கிய உடம்பு, இன்னும் பத்து ஆடி பார்க்கும். நீ வேண்டுமானால் அண்ணனூர் கோயிலில் ஏதாவது பானை இருந்தால் பார்த்துக்கொள்.

உன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். அவர்கள் என்ன செய்வார்கள், பாவம். உனக்கும் மூத்தவன் என்ற முறையில் அரை ஆசீர்வாதம். மீதி அரை, நாளைக்கு நீ நடந்துகொள்வதைப் பார்த்து. இதை ஜெகதீசன் சாயங்கால ரயிலில் கொண்டு வந்து உன் கையில் கொடுப்பான். அவன் செருப்பைத் திருப்பிக் கொடு.

இப்படிக்கு,
முனியன் (இடது கைக் கட்டைவிரல்)

பின்குறிப்பு: இதை ஜெகதீசன் கொண்டு வரவில்லை, தமிழரசு பைக்கில் கொண்டு வருகிறான். ஜெகதீசன் எங்கள் வீட்டுக் கக்கூஸில் இருக்கிறான். அவன் வெளியே வர வேண்டும் என்று நான் கதவுக்கு இந்தப் பக்கம் காத்திருக்கிறேன். சின்னசாமி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார், அதோடு படுத்தவர்தான், வயிறு தவிலாட்டம் உப்பிக் கிடக்கிறதாம். ஆளுக்கு ஒரு கிண்ணம்தான் தின்ன வேண்டும் என்று காவ்யா அப்போதே சொன்னாளாம். பூனை ஜெயித்த சந்தோஷத்தில் யார் காதிலும் ஏறவில்லை. காப்புக் கட்டினவர்களில் நிமிர்ந்து நிற்கிற ஆள் இப்போது நீ ஒருத்தன்தான். மேலே எழுதினதில் பப்ஸ் விஷயம் தவிர மற்றதையெல்லாம் விட்டுவிடு. விடியற்காலை முதல் ரயிலைப் பிடித்து வா. அம்மன் பானை நிற்கக் கூடாது. சும்மாடு கெட்டியாகச் சுற்று, பால் பூத் திருப்பத்தில் ரோடு இடப்பக்கம் சரியும், அங்கே இடது தோளைக் கொஞ்சம் ஏற்றிப் பிடி. எங்கள் வாசலில் ஒரு நிமிஷம் நில். ஜன்னல் வழியாகப் பானையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்கிறேன். உன்னைப் பார்க்க மாட்டேன்.