தராசு அண்ணனும் அரைக்கிலோத் தொட்டிலும்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சாமியைக்கூட எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கும்பிடுவார் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் தராசு அண்ணன். சும்மா சொல்லவில்லை. கோயிலுக்குப் புதுப் பிள்ளையார் வந்து இறங்கியபோது, "சொன்ன எடை இருக்கா?" என்று கேட்டு, கயிறு கட்டித் தராசில் தொங்கவிட்டவர் அவர். பூசாரி கண்ணை மூடிக்கொண்டார்.

முப்பது வருஷம் கொழுந்து மடுவக் கொட்டகையில் நின்று, பெண்கள் பறித்து வரும் கொழுந்தை நிறுத்தவர். சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். முள் எங்கே நின்றாலும் "ரெண்டு கழிவு" என்பார். ஒரு கிலோ சாக்குக்கு, ஒரு கிலோ இலையில் ஒட்டிய தண்ணீருக்கு. மண் வெடிக்கிற வெயிலிலும் தண்ணீருக்கு ஒரு கிலோ போய்விடும். சொந்த மனைவி செல்லம்மா அக்காவின் கொழுந்திலும் அதே ரெண்டு. அன்றைக்கு வீட்டில் அவர் தட்டிலிருந்து அக்கா ரெண்டு ரொட்டியைக் கழித்துவிடுவார் என்று லைன் வீடுகளில் பேச்சு.

தோட்டத்துக்கு டிஜிட்டல் தராசு வந்ததும் அந்தப் பழைய வட்டத் தராசை அவருக்கே கொடுத்து, பென்சனில் அனுப்பினார்கள். அன்றிலிருந்து அது இல்லாமல் அவர் எங்கும் போவதில்லை. போவதெல்லாம் என் த்ரீவீல் ஆட்டோவில்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எதையும் சரியாகக் கணக்குப் பண்ணத் தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பயந்து வைத்துவிடுவேன். மலைக்குப் பின்னால் ஒரு கறுப்பு மேகம் தெரிந்தால் போதும், ஹார்னை அழுத்தி ஆட்களை ஏற்றிக்கொண்டுதான் மறுவேலை.

அண்ணனின் இந்தத் தொட்டில் விவகாரம் அக்காவின் முதுகில் ஆரம்பித்தது. அத்தனை வருஷம் கொழுந்து சுமந்த முதுகு. அரை மணி நேரம் உட்கார்ந்தால் அடுத்த அரை மணி நேரம் படுத்தாக வேண்டும். அதனால் பௌர்ணமிக்கு வரும் போயா லீவுக்கு லைன்காரர்கள் சோற்றுப் பார்சலோடு ஆற்றங்கரைக்குப் போகும்போதெல்லாம் அக்கா மட்டும் வீட்டுக் காவல். இந்த முறை கட்டாயம் கூட்டிப்போவது என்று அண்ணன் முடிவெடுத்தார். அங்கே தரையில் படுக்க முடியாது. ஈரம், போதாததற்கு அட்டைக்கடி. கட்டிலைத் தூக்கிப் போகவும் முடியாது. ஆனால் மரம் இருக்கிறது.

"மரத்துல கட்டிப் படுக்கிற மாதிரி ஒண்ணு வாங்கணும்டா தம்பி. அரைக் கிலோவுக்கு மேல போகக் கூடாது."

"உங்க முதுகுலயா சுமக்கப் போறீங்க? ஒரு கிலோ கூடினா என்னண்ணே?"

"பைய அவ யாருகிட்டயும் குடுக்க மாட்டா. அவ மேல இனி கனம் ஏறக் கூடாது."

எங்கள் பக்கத்தில் கட்டித் தொங்குகிற எல்லாப் படுக்கைக்கும் ஒரே பெயர்தான். புளத்கொகுபிட்டிய டவுனில், குடையும் பையும் விற்கிற நானாவின் கடையில் அண்ணன் அந்தப் பெயரையே சொன்னார்.

"நானா, தொட்டில் ஒண்ணு வேணும்."

"மாஷா அல்லாஹ். யாருக்கு?"

"நம்ம சம்சாரத்துக்குத்தான்."

நானா அண்ணனின் நரைத்த மீசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னம் எத்தன மாசம் ஈக்கி?"

"மாசமா? ரெண்டே கிழமைதான், பதினாலு நாள். போயாவுக்கு."

நானா அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டார். "முதல்ல இரிங்க. பயப்பிடாதீங்க."

நான் குறுக்கே விழுந்து விளக்கினேன். அதற்குள் குடைப் பக்கம் நின்ற எங்கள் தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேர் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்கள். என் த்ரீவீல் தோட்டத்துக்குப் போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் பிரசவம் பார்க்கிற மிட்வைஃப் நோனாவே வந்துவிட்டார். "தெங் கீவெனி மாசெத?" என்று சிங்களத்தில், இது எத்தனையாவது மாதம் என்று, வாசல் கூட்டிக்கொண்டிருந்த ஐம்பத்தெட்டு வயது அக்காவிடம் கேட்டார். அக்கா விளக்குமாற்றை நிமிர்த்திப் பிடித்தார். தமிழ் தெரிந்த நோனாவுக்கு உள்ளேயிருந்து அண்ணனின் குரல் கேட்டது:

"அரைக் கிலோதான் இருக்கணும்னு கண்டிசனாச் சொல்லியிருக்கேன்."

நோனா கையிலிருந்த புத்தகத்தை நழுவவிட்டார்.

விஷயம் புரிந்த நானா அடுத்த தடவை மூன்று தினுசு வரவழைத்து வைத்திருந்தார். ஒன்று கயிற்று வலை. அதில் சும்மா கையை ஊன்றியதற்கே உள்ளங்கையில் கட்டம் கட்டமாக அச்சு விழுந்தது. அடுத்தது கெட்டி கான்வஸ், இரண்டு பக்கமும் மரச்சட்டம். கடை உத்திரத்தில் தராசை மாட்டினார் அண்ணன். மூன்றரைக் கிலோ. "இதத் தூக்குறதுக்கு அவளையே தூக்கிட்டுப் போயிடலாம்." மூன்றாவது பாராசூட் துணி. மடித்தால் அதன் பைக்குள்ளேயே போய் அரை ராத்தல் பாண் ரொட்டி அளவுக்குச் சுருங்கிவிடும். அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு.

நான் த்ரீவீல் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன்.

"நானா, இது காஞ்ச எடையா, ஈர எடையா?"

"துணிக்கு என்னத்துக்கு ரெண்டு எடை?"

"நம்ம ஊருல மழை கேட்டுட்டா வருது? ஒரு வாளி தண்ணி குடுங்க."

மூன்றையும் முக்கினார். கான்வஸ் ஏழு கிலோவுக்குப் போனது. நாலு நாளாகியும் காயவில்லை என்று நானா என்னிடம் போனில் அழுதார். பாராசூட் துணி உதறியதும் தண்ணீரை விட்டுவிட்டது. இருநூறு கிலோ தாங்கும் என்று லேபிள் சொன்னது. "ரெண்டு கழிச்சா நூத்தித் தொண்ணூத்தெட்டு," என்றார் அண்ணன். மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுத்துவிடும் என்று அகலமான பட்டி வேறு கேட்டு வாங்கினார். பட்டியைச் சேர்த்தால் அரைக் கிலோவைத் தாண்டியது. "அது என் சட்டைப் பையில வரும்," என்றார்.

லேபிளை நம்பாமல் பரீட்சை வேறு. கீழ்மலை ரப்பர் தோட்டத்துக்கு என்னை இழுத்துப் போனார்.

"நீ எண்பது கிலோ. ரெண்டு செல்லம்மா. ஏறிப் படு."

குளவி, பாம்பு, ஒடிகிற மரம், பார்த்துவிடுகிற துரை என்று வரிசையாக என் பயங்களைச் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. "நேராப் படுக்காத, கோணலாப் படு. அப்பதான் முதுகு நிமிரும்." ஒரு மணி நேரம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். தலைமாட்டுப் பட்டியை அவர் கட்டியிருந்தது அன்று காலை பால் வெட்டிய மரத்தில், சரியாக அந்த வெட்டின் மீதே. ரப்பர் பால் சிரட்டையில் விழாமல் பட்டி வழியே இறங்கி என் தலைக்கு வந்தது. நான் எழுந்தேன், முடி எழவில்லை. தொட்டிலோடு வீட்டுக்குப் போனேன், என் வீட்டுக்காரி கத்தரிக்கோல் எடுத்தாள்.

"ஒனக்கு நடந்தது நல்லதாப் போச்சு," என்றார் அண்ணன். "அவளுக்கு நீளமான முடி."

அவரோடு ஒரு கிழமை பேசவில்லை. ஆனால் போயா அன்று காலை ஆறு மணிக்கு த்ரீவீலைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அக்கா முதுகை நிமிர்த்துவதற்காக வழியில் நாலு இடத்தில் நின்று நின்று ஆற்றங்கரைக்குப் போனோம். பஸ்ஸில் முன்னால் போயிருந்த பெண்கள் அக்காவைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டார்கள். இடுப்பு வரை புடவை நனைந்து, சிரித்துக்கொண்டே கரையேறினார் அக்கா.

இரண்டு மரத்தில் கட்டுவதை விட்டுவிட்டு, அண்ணன் ஒரு கிளையில் தராசை மாட்டினார். தொட்டிலின் இரண்டு முனைகளையும் அதன் கொக்கியில் கோத்தார்.

"ஒக்காரு."

"ஊரு முன்னாடி என்னையும் நிறுக்கணுமா? ஒங்களுக்கு வெக்கமே கெடையாதா?"

"நீ எவ்வளவுன்னு தெரியாம நான் எப்படி மரம் பாக்கிறது?"

பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "மாமா, தாயையும் புள்ளையையும் சேத்தா நிறுக்கிறீங்க?" என்றாள் ஒருத்தி. "ரெண்டு கழிக்க மறந்துடாதீங்க," என்றாள் இன்னொருத்தி.

அக்கா ஏறி உட்கார்ந்தார். முள் நடுங்கியது. அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மடுவத்தில் அவர் வாயைப் பார்த்து நின்ற பழக்கமோ என்னவோ, எல்லாப் பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"நாப்பத்தோரு கிலோ," என்றார். பிறகு, "கழிவு இல்ல."



"பொடவ ஈரமாத்தான் இருக்கு," என்றார் அக்கா, மெதுவாக.

"இருக்கட்டும்."

இரண்டு மரத்தில் மாற்றிக் கட்டியதும் அக்கா கோணலாகப் படுத்தார். ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிட்டார். சோறு ஆறியது, மற்றவர்கள் சாப்பிட்டு முடித்தார்கள், அக்கா எழவில்லை. அண்ணன் பக்கத்துக் கல்லில், தொட்டிலின் வெறும் பையை மடியில் வைத்துக்கொண்டு அக்காவுக்கு ஈ ஓட்டினார்.

மூன்று மணிக்கு மலைக்குப் பின்னால் கறுத்தது. ஆறு பெருகுவதும், ரோட்டில் மண் சரிவதும், பிரேக் வழுக்குவதும் வரிசையாக என் கண்ணுக்குத் தெரிந்தன. த்ரீவீலில் ஏறி ஹார்னில் கையை வைத்தேன். அண்ணன் அங்கிருந்தே உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். இந்த மனிதரை என்னதான் செய்வது?

த்ரீவீலின் முன்கண்ணாடியில் முதல் துளி விழுந்தது. நான் ஹார்ன் அடிக்கவில்லை. பின்சீட்டுக்கு அடியில் கிடந்த, மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் சீட்டை எடுத்துக்கொண்டுபோய், அக்காவுக்கு மேலே ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மறு பக்கத்தை அண்ணனிடம் நீட்டினேன்.

"இது எத்தன கிலோடா?" என்றார், அக்கா எழுந்துவிடாதபடி குரலைத் தாழ்த்தி.

"தெரியாதுண்ணே. புடிங்க," என்றேன், நானும் மெதுவாக.