கடைசி வரிசையிலிருந்து ஒரு மைனஸ்

கோட்பாட்டு இயற்பியல்காரர்களுக்கு ஆய்வகம் கிடையாது. காகிதமும் பேனாவும் போதும். அதனால் எங்களால் எதையும் உடைத்துவிட முடியாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று எனக்கு உண்டு. (திமிர் என்றும் சொல்லலாம்.)

அப்போது நான் வெளிநாட்டில் குவாண்டம் ஆராய்ச்சியில் இருந்தேன். கணவர் செந்தில் கோவைக்குப் பக்கத்தில் அன்னூரில். கல்யாணமாகி நாலு வருடம். சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம்கூடத் தேறாது. அந்த நிலையில்தான் கோவையில் ஒரு கல்லூரியிலிருந்து பேராசிரியர் வேலைக்கு அழைப்பு வந்தது. தேர்வுக் குழுவின் முன் என் ஆராய்ச்சியை விளக்க வேண்டும். அது நன்றாகப் போனால் வீட்டுக்கே வந்துவிடலாம்.

செந்தில்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். வெயிலில் நின்றவரைப் பார்த்த அலுவலக உதவியாளர், "உள்ள ஃபேன் ஓடுதுங்க, வந்து உக்காருங்க" என்று கடைசி வரிசையில் உட்காரவைத்துவிட்டார். செந்திலுக்குத் திருப்பூரில் துணி செக்கிங் வேலை. பிரிண்டில் ஒரு பூ விட்டுப்போயிருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். மற்றபடி, பத்தாம் வகுப்போடு இயற்பியலுக்குக் கும்பிடு போட்டவர்.

ஸ்லைடு எல்லாம் வேண்டாம் என்று நான் கரும்பலகையிலேயே கணக்கைப் போட்டேன். (அப்படிச் செய்தால்தான் மேதை என்று நினைப்பார்களாம்.) அணுக்களின் வரிசை ஒன்றில் இதுவரை யாரும் கவனிக்காத ஒரு சிறு விளைவு உண்டு என்பது என் கண்டுபிடிப்பு. இரண்டு வருட உழைப்பு. விடையை எழுதி, அடியில் கோடு இழுத்தபோது கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"ஏனுங்க மேடம், மூணாவது வரியில ஒரு சின்னக் கோடு இருந்துச்சுங்க. நாலாவதுல காணோமுங்க."

என்னை அவர் மேடம் என்றது வாழ்நாளில் அன்று ஒருநாள்தான். நான் கொஞ்சம் ஏளனமாகவே சிரித்தேன்.

"அது மைனஸுங்க. பலகையில எழுதறப்ப விட்டுப்போட்டேன்" என்று நோட்டைப் பிரித்தேன். நோட்டிலும் இல்லை. மைனஸைச் சேர்த்துப் பார்த்தேன். நான் கூட்டிவைத்திருந்த இரண்டு பகுதிகளும் ஒன்றிலிருந்து ஒன்று கழிந்து, மிச்சம் எதுவும் இல்லை. என் கண்டுபிடிப்பின் அளவு பூஜ்யம்.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப அந்த விளைவு?"

"இல்லைங்க" என்றேன்.

"பின்னாடி இருக்கறவர் யாருங்க?"

"எங்க ஊட்டுக்காரருங்க."

அத்தோடு பேட்டி முடிந்தது. திரும்பும் வழியில் பாதி தூரம் வரை கோபத்தை அடக்கிக்கொண்டு வந்தேன். பிறகு முடியவில்லை. "வேலை கெடச்சா நான் ஊட்டுக்கு வந்திருப்பேனுங்க. அது தெரியாதுங்களா உங்களுக்கு?"

"தெரியும் அம்மணி. கையத் தூக்குனதுக்கு அப்பறந்தான் ஞாபகம் வந்துச்சு."

கோபத்தில் அழ ஆரம்பித்தவள், அவர் குரலில் இருந்த துக்கத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். நாங்கள் சேர்ந்திருந்த நாட்களின் கணக்கு அவருக்கும் தெரியும்தானே.

இன்னும் ஒன்றரை வருடம் பிரிந்திருந்தோம். அதன் பிறகு அதே கல்லூரி மறுபடியும் அழைத்தது. இந்த முறை வேறொரு கணக்கோடு போனேன். உள்ளே நுழைந்ததும் தலைவர் என் முதுகுக்குப் பின்னால் பார்த்து, "உங்க ஊட்டுக்காரர் வரலைங்களா?" என்றார். ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றவரை ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, அதே கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். நான் பலகையைவிட அவர் கையைத்தான் அதிகம் பார்த்தேன். கை உயரவில்லை. வேலை கிடைத்தது.

இப்போது வீட்டில் யார் எதைப் பெருமையாகச் சொன்னாலும், "கோடு இருக்குதா பாருங்க" என்கிறாள் மகள். என் கட்டுரை எதுவும் செந்தில் வரி வரியாகப் பார்க்காமல் வெளியே போவதில்லை. போன திங்கட்கிழமை ஒரு வரியைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றேன். "சரி அம்மணி" என்று வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

இன்று வியாழன். நான் இன்னும் அந்த வரியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.